பிரதமரின் ஐந்து நாள் தயக்கம்

கலவரம் ஓய்ந்த பிறகு எல்லா நாடுகளிலும் ஒரே வகையான விசாரணைதான் நடக்கிறது. முதல் கல்லை வீசியவர் யார், கடைக்குத் தீ வைத்தவர் யார் என்று தேடுகிறார்கள். சிலர் பிடிபடுகிறார்கள்; பலர் தப்பிவிடுகிறார்கள். கல் விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மேடையேறி வாக்குறுதி வழங்கியவரும், கல் விழத் தொடங்கிய பிறகு பிறப்பிக்க வேண்டிய ஆணையைப் பிறப்பிக்காமல் காத்திருந்தவரும் அந்த விசாரணை வளையத்துக்குள் வருவதே இல்லை. இந்தக் கேள்வியை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருபவர் இலங்கையின் நான்காவது பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயகா.

அவரைக் கொடியவர் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிட்டால் வேலை எளிதாகிவிடும். ஆனால், அவர் கொடியவர் அல்லர். படித்தவர், பண்பானவர், நகைச்சுவை உணர்வு மிக்கவர், தனிப்பட்ட முறையில் எந்த இனத்தின் மீதும் வெறுப்புக் கொள்ளாதவர். அப்படிப்பட்ட ஒருவரின் ஆட்சிக் காலத்தில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு இனக் கலவரங்கள் எப்படி நிகழ்ந்தன என்பதே ஆராயத்தக்கது.

1899 ஜனவரி 8-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார் சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயகா. தந்தை ஆங்கிலேய ஆளுநருக்கு நெருக்கமான மகா முதலியார். ஹொரகொல்லையில் பெரும் பண்ணை வீடு. ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். அன்றைய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேதான் ஞானத்தந்தை; அவருடைய பெயரே பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் பயின்றார். மாணவர் மன்றத்தில் நாவன்மையால் புகழ் பெற்றார். 1925-இல் தாயகம் திரும்பியபோது, ஊரார் அளித்த வரவேற்பில் சிங்களத்தில் சரளமாக நன்றி கூற அவரால் இயலவில்லை. பின்னாளில் அம்மொழியின் தலைசிறந்த மேடைப் பேச்சாளர்களுள் ஒருவரானார். ஐரோப்பிய உடையைத் துறந்து தேசிய உடைக்கு மாறினார், பௌத்தம் தழுவினார். இவையெல்லாம் வெறும் வேடம் என்று அவருடைய எதிரிகள் கூறினர். ஆங்கிலேய மேட்டிமைச் சூழலில் வளர்ந்த ஓர் இளைஞன் தன் வேரைத் தேடியதும், அந்தத் தேடலில் அரசியல் பலன் இருப்பதைக் கண்டுகொண்டதும் ஒரே வேளையில் நடந்தன என்பதே என் கணிப்பு.

தமிழ் வாசகர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இலங்கைக்குக் கூட்டாட்சியே பொருந்தும் என்று பொதுவெளியில் முதலில் வாதாடியவர்களுள் ஒருவர் இதே பண்டாரநாயகாதான். 1926-இல், தமிழ்த் தலைவர்கள் எவரும் அப்படியொரு கோரிக்கையை எழுப்பாத காலத்தில், ஆங்கில நாளேடு ஒன்றில் தொடர் கட்டுரைகள் எழுதினார். யாழ்ப்பாணம் சென்று உரையாற்றினார். கண்டிச் சிங்களர், கரையோரச் சிங்களர், தமிழர் ஆகியோர் தத்தம் வட்டாரத்தில் தன்னாட்சி பெற்று, சுவிட்சர்லாந்தைப் போல ஒரு நாடாக இணைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு மன்றத்தில் 1944-இல் மொழித் தீர்மானம் வந்தபோது, சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆவதில் தமக்கு மறுப்பில்லை என்றார். 1951-இல் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகி, இலங்கை சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோதும் அதன் கொள்கை அறிக்கை இரு மொழிகளையும் ஆட்சிமொழியாக்கக் கோரியது. ஆக, அவருக்கு உண்மை தெரியும். தெரியாமல் செய்தார் என்று வாதிட வழியில்லை.

இடையில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. அந்த அமைச்சரவையில் பண்டாரநாயகாவும் அமைச்சர். மலையகத் தமிழர் வாக்காளர் பட்டியலிலிருந்து மறைந்ததால், மலையகத் தொகுதிகளில் சிங்கள வாக்கு மட்டுமே எஞ்சியது. ஒரு தேர்தலில் சிறுபான்மையினரின் வாக்குக்கு விலை இல்லாமல் போனால், அவர்களின் நலனுக்காகக் குரல் கொடுப்பதால் எந்தக் கட்சிக்கும் ஆதாயம் இல்லை. பொருளியல் மாணவர் எவருக்கும் இது எளிதில் விளங்கும். 1956-இல் நடந்ததற்கான அடித்தளம் அங்கே இடப்பட்டது.

நான் கற்பித்த கல்லூரியில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் படித்தார்கள். தந்தை பிறந்த ஊர் எது என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் ஹட்டன் என்றும், பதுளை என்றும் எழுதினார்கள். அப்படியானால் சொந்த ஊர் எது என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது, ஒரு மாணவன் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தை நிரப்பாமலே படிவத்தைக் கொடுத்தான்.

இனி 1956-க்கு வருவோம். சிங்கள இளைஞர்களின் மனக்குறை கற்பனையன்று என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் அறிந்தோர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; ஆனால், அரசுப் பணி, நீதிமன்றம், வங்கி யாவும் ஆங்கிலத்திலேயே இயங்கின. வறண்ட நிலமும் வாய்ப்புக் குறைவும் கொண்ட யாழ்ப்பாணத்தில் கிறித்தவ மிஷன் பள்ளிகள் முன்கூட்டியே வேரூன்றியதால், அங்குள்ளோர் ஆங்கிலம் கற்று எழுத்தர், மருத்துவர், பொறியாளர் பணிகளில் தம் விகிதத்துக்கு மிகுதியாக அமர்ந்தனர். கிராமத்துச் சிங்கள ஆசிரியரும் ஆயுர்வேத மருத்துவரும் பிக்குவும் மதிப்பிழந்து நின்றனர். 1953-இல் மானியத்தை வெட்டி, ஒரு படி அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசு, நாடு தழுவிய கடையடைப்பையும் துப்பாக்கிச்சூட்டையும் கண்டது. பிரதமர் டட்லி சேனநாயக பதவி விலகினார். வேலையின்மையும் விலைவாசியும் தந்த கோபம் ஒரு வடிகாலைத் தேடிக்கொண்டிருந்தது. வேலைகளைப் பெருக்குவது கடினம், நாள் பிடிக்கும். இருக்கும் வேலைகளை யாருக்கு என்று மாற்றிப் பங்கிடுவதாக வாக்களிப்பது எளிது. ஒரு மேடைப் பேச்சு போதும்.

பண்டாரநாயகா எளிய வழியைத் தேர்ந்தெடுத்தார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, அதுவும் 24 மணி நேரத்தில் என்ற முழக்கம் தீவெங்கும் பரவியது. புத்தர் பரிநிர்வாணத்தின் 2,500-ஆம் ஆண்டு விழாக் காலம் அது. ஆயிரக்கணக்கான பிக்குகள் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டனர். அவர்களுள் முன்னின்றவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித. அதுவரை இருமொழி பேசிவந்த ஆளும் கட்சியும் அஞ்சி, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அதே முழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஏலத்தில் முதலில் கேட்டவர்மீதே மக்களுக்கு நம்பிக்கை. மொத்தம் 95 இடங்களில் பண்டாரநாயகாவின் கூட்டணி 51 இடங்களை வென்றது. ஆளும் கட்சிக்குக் கிடைத்தவை 8.

வென்றபின் அவர் தயங்கினார் என்பதற்குச் சான்று உண்டு. சட்ட வரைவில் தமிழுக்குச் சில சலுகைகளைச் சேர்க்க முயன்றார். உடனே பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் நாடாளுமன்றக் கட்டடத்தில் உண்ணாநோன்பு தொடங்கினார். (அவர் பொருளியல் துறையைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குச் சற்றுக் கூச்சம்தான்.) சலுகைப் பிரிவு நீக்கப்பட்டது. 1956 ஜூன் 5-ஆம் நாள் மசோதா அறிமுகமானபோது, தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாகிரகம் செய்தனர். நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தொலைவுதான். திரண்டு வந்த கும்பல் அவர்களைத் தாக்கியது. காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. அன்று மாலையே கொழும்பில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. அடுத்த சில நாள்களில் கிழக்கே கல்லோயாக் குடியேற்றத் திட்டப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. 56-க்கு 29 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த சிங்கள இடதுசாரிகள் சிலர், ஒரு மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும் என்று அன்றே எச்சரித்தனர்.

நாட்டின் தலைநகரில், நாடாளுமன்றத்தின் கண்முன், மக்கள் பிரதிநிதிகள் தாக்கப்பட்டபோது தடுக்காத காவல்துறை, கல்லோயாவில் தடுக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அடித்தவர்களுக்கு அந்த ஒரு நாள் ஒரு பாடத்தைக் கற்பித்தது. அந்தப் பாடம் இரண்டு ஆண்டு கழித்துப் பயன்பட்டது.

ஆயினும் பண்டாரநாயகா மீண்டும் ஒருமுறை சரியான திசையில் நடந்தார். 1957 ஜூலை 26-ஆம் நாள் செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வட்டார சபைகள்; வேளாண்மை, கல்வி, நிலம், குடியேற்றம் முதலியவற்றில் அவற்றுக்கு அதிகாரம்; அம்மாகாணங்களில் தமிழில் நிர்வாகம். கூட்டாட்சி இல்லை, சிங்களச் சட்டமும் நீக்கப்படவில்லை. இரு தரப்பும் விட்டுக்கொடுத்த உடன்பாடு. 1926-ஆம் ஆண்டின் பண்டாரநாயகாவை அதில் காணலாம். இதை எதிர்த்து, தோற்றுப்போன ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன அக்டோபரில் கண்டி தலதா மாளிகையை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். இம்புல்கொடவில் ஆளும் கட்சியினர் வழிமறித்ததால் அது கலைந்தது. எதிர்க்கட்சியை நிறுத்தியாகிவிட்டது, தம்மை ஆட்சியில் ஏற்றிய கூட்டத்தை நிறுத்த வழியில்லை.

1958 தொடக்கத்தில் வாகனப் பதிவு எண்களின் சிங்கள ஸ்ரீ எழுத்து சிக்கலாயிற்று. தேசியமயமான பேருந்துகள் அந்த எழுத்தோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினர். ஒப்பந்தம் நூலிழையில் தொங்கிய அந்த வேளையில் ஓர் எழுத்துக்காகப் போராட்டம் தொடங்கியது விவேகமன்று என்பது என் எண்ணம். தெற்கிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைத் தேடித் தார் பூச அது சாக்காயிற்று. ஏப்ரல் 9 அன்று ஏறத்தாழ 200 பிக்குகளும் அவர்களோடு வந்த மேலும் சில நூறு பேரும் ரோஸ்மீட் பிளேஸ் வீதியில் உள்ள பிரதமரின் இல்லத்தின் முன் வந்து அமர்ந்தனர். அன்று மாலைக்குள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வாய்மொழி போதாது என்று அவர்கள் கேட்க, எழுத்திலும் உறுதி கொடுத்தார். 51 இடங்கள் வென்ற பிரதமர், வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு நாட்டின் ஓர் உடன்பாட்டைத் தாரை வார்த்தார்.

அதன்பின் ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மே 22-ஆம் நாள், வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடி, பொலன்னறுவை ரயில் நிலையத்தில் கும்பல் தாக்குதல் நடத்தியது. அடுத்த நாள்களில் அப்பகுதிப் பண்ணைகளில் தமிழ்த் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கிழக்கில் தமிழர் பகுதியில் சிங்களரும் தாக்கப்பட்டனர்; ரயில் கவிழ்க்கப்பட்டது. மே 25 அன்று நுவரெலியாவின் முன்னாள் மேயர் மட்டக்களப்புப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலவரம் கொழும்புக்குப் பரவியது. பாணந்துறையில் கோயில் அர்ச்சகர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அவசரநிலையை அறிவிக்குமாறு பலரும் பிரதமரைக் கேட்டுக்கொண்டனர். நிலைமையை மிகைப்படுத்துகிறார்கள் என்று அவர் கருதினார். மே 26 அன்று வானொலியில் பேசினார். அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டதோடு, முன்னாள் மேயரின் கொலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதனாலேயே வன்முறை மூண்டது என்ற தோற்றத்தை உண்டாக்கினார். அந்தக் கொலைக்கு மூன்று நாள் முன்பே பொலன்னறுவையில் இரத்தம் சிந்தியாகிவிட்டது. கேட்டவர்களுக்கு அந்த வரிசை தெரியாது. பழிவாங்க ஒரு காரணம் மட்டும் கிடைத்தது. மே 27 பகலில்தான் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆளுநர் நாயகம் ஆலிவர் குணதிலக பொறுப்பைத் தம் கையில் எடுத்தார். படையினர் தெருவில் இறங்கிச் சுட்டனர். கலவரம் அடங்கத் தொடங்கியது. அடக்கக்கூடியதுதான் அது என்பதை இது காட்டிவிட்டது. அப்படியானால், மே 22-க்கும் 27-க்கும் இடைப்பட்ட ஐந்து நாள்களின் கணக்கை யாரிடம் கேட்பது?

மாண்டவர் எண்ணிக்கை 150-இலிருந்து 300 வரையும் அதற்கு மேலும் பலவாறு மதிப்பிடப்படுகிறது. கொழும்பு முகாம்களில் ஏறத்தாழ 12,000 தமிழர் தஞ்சமடைந்தனர். அவர்களைக் கப்பல்களில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வைத்தது அரசு. தலைநகரில் தன் குடிமக்களைக் காக்க முடியாமல், அவர்களுக்கு உரிய இடம் வேறு என்று ஓர் அரசே கடல்வழியாகக் காட்டிக்கொடுத்த நிகழ்ச்சி அது. பின்னாளில் தனிநாடு கேட்டவர்கள் எழுதிய எந்தத் துண்டறிக்கையைவிடவும் அந்தக் கப்பல்கள் வலுவாகப் பேசின. நடந்தவற்றைப் பதிவு செய்த சிங்களப் பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சியின் நூல் லண்டனில் வெளியாயிற்று. இலங்கையில் அதற்குத் தடை. ஆகஸ்டில், தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் காவலில் இருந்தபோது, தமிழ்மொழிக்கான சிறப்பு ஏற்பாடுகள் சட்டத்தை அதே பண்டாரநாயகா நிறைவேற்றினார். அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1966 வரை வரவில்லை.

அவர் ஆட்சியில் நல்லவை நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தன. குத்தகை உழவருக்குப் பாதுகாப்புத் தந்த நெற்காணிச் சட்டம், தொழிலாளர் சேமலாப நிதி, திருகோணமலை, கட்டுநாயக்கப் படைத்தளங்களை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டது ஆகியவை சாதாரணச் செயல்கள் அல்ல. சாதாரணச் சிங்களன் முதன்முறையாக அரசு தனது என்று உணர்ந்ததும் அவர் காலத்தில்தான். பகிர்வு நோக்கில் அவருடைய பொருளாதாரத்தை நான் வகுப்பில் பாராட்டியே பேசியிருக்கிறேன். ஆனால், தொழிற்சாலை புகைவிட்டு ஆதாயம் பார்க்க, அக்கம்பக்கத்தார் இருமிச் சாவதைப் புறச்செலவு என்போம். வாக்குக்காக எழுப்பும் முழக்கத்துக்கும் அத்தகைய செலவு உண்டு. ஆதாயம் தலைவருக்கு, செலவு, அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாத பொலன்னறுவைக் கூலியாளுக்கு. தொழிற்சாலை முதலாளிக்கேனும் அபராதம் உண்டு.

வேறு வழி இருந்ததா? சௌரி சௌராவில் காவலர்கள் எரிக்கப்பட்டதும், 1922-இல், தம் கட்சியினர் பலரின் எதிர்ப்பையும் மீறி இயக்கத்தையே நிறுத்தினார் காந்தியடிகள். 1947 செப்டம்பரில் தில்லி கன்னாட் பிளேஸில் கடைகள் சூறையாடப்பட்டபோது, நேரு தாமே கும்பலுக்குள் புகுந்து விரட்டினார். அந்தக் கும்பலிலும் அவர் கட்சிக்கு வாக்களிக்கக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள்.

1959 செப்டம்பர் 25-ஆம் நாள் காலை, அதே ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பார்வையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார் பிரதமர். அங்கு வந்திருந்த தல்துவே சோமராம என்ற பிக்குவை வணங்க அவர் குனிந்தபோது, பிக்குவின் காவி உடைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிப்பட்டது. மறுநாள் பண்டாரநாயகா மறைந்தார். சுட்டவரை மன்னிக்கும்படி மருத்துவமனையிலிருந்து மக்களுக்குச் செய்தி அனுப்பினார். அந்தப் பெருந்தன்மை மெய்யானது என்றே நம்புகிறேன். சதியின் மூளையாக நீதிமன்றம் தீர்மானித்தவர் களனி புத்தரக்கித. 1956-இல் அவருக்காக ஊர் ஊராக வாக்குக் கேட்ட அதே பிக்கு. எதிர்பார்த்த வணிக ஆதாயங்கள் கைகூடாத ஏமாற்றம் கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மொழியும் மதமும் அங்கே பேச்சிலேயே இல்லை. சோமராம 1962-இல் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித சிறையில் இறந்தார். 1956-இலும் 1958-இலும் கொல்லப்பட்டவர்களுக்காக இப்படியொரு வழக்கு நடக்கவில்லை.

ஜே.ஆர். ஜெயவர்த்தன பின்னர் அதிபரானார். 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, நான்காம் நாள்தான் தொலைக்காட்சியில் தோன்றினார்; தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல், சிங்களரின் மன உணர்வை விளக்கினார். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1987 ஜூலை 29 அன்று, வடக்கு, கிழக்குக்கு மாகாண சபையும் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதியும் அளிக்கும் ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியுடன் கையெழுத்திட்டார். எந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அவர் கண்டிக்கு நடந்தாரோ, அது கையெழுத்தாகி முப்பது ஆண்டும் மூன்று நாளும் ஆகியிருந்தன. கையெழுத்தான அன்றும் கொழும்பில் ஊரடங்கு அமலில் இருந்தது.